லூனா பார்க், 1903: பத்து சென்ட் நுழைவுச்சீட்டின் மதிப்பு

நியூயார்க் நகரின் தென்கோடியில், அட்லாண்டிக் கடலை நோக்கிய கோனி ஐலண்டில், 1903ஆம் ஆண்டு மே 16ஆம் தேதி மாலை திறக்கப்பட்ட லூனா பார்க் என்னும் கேளிக்கைப் பூங்காவின் முதல் பருவத்தை, வந்தவர்கள் கொடுத்த காசுக்கு எதைப் பெற்றார்கள் என்ற ஒரே அளவுகோலைக் கொண்டு இங்கே மதிப்பிடுகிறேன். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு பூங்காவுக்கு இனி யாரும் சீட்டு வாங்கப் போவதில்லை என்றாலும், அதன் புகைப்படங்களும் ஊமைப்படச் சுருள்களும் செய்தித்தாள் பதிவுகளும் ஏராளமாக எஞ்சியிருப்பதால், இன்றைய உணவகத்தையோ திரையரங்கையோ எடைபோடுவதைப் போலவே அதையும் எடைபோட முடிகிறது. அப்படி எடைபோட்டதில் எனக்குக் கிடைத்த முடிவு இது: வாசலில் வாங்கிய பத்து சென்ட்டுக்கு அந்தப் பூங்கா கொடுத்தது மிக அதிகம், உள்ளே தனித்தனியாக வாங்கிய கட்டணங்களுக்குக் கொடுத்ததோ, ஓரிரண்டைத் தவிர, சுமார்தான்.

கட்டண முறையை முதலில் சொல்லிவிட வேண்டும். நுழைவுக்குப் பத்து சென்ட். அதற்குப் பிறகு ஒவ்வொரு சவாரிக்கும் காட்சிக்கும் தனிக் கட்டணம் உண்டு. பெரிய காட்சிகளுக்கு இருபத்தைந்து சென்ட் வரை வாங்கினார்கள். நாளுக்கு ஒன்றரை அல்லது இரண்டு டாலர் கூலி பெற்ற ஒரு தொழிலாளி, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்தால், உள்ளே நுழைய நாற்பது சென்ட் போதும். ஆனால் நால்வரும் மூன்று பெரிய காட்சிகளைப் பார்த்துவிட ஆசைப்பட்டால் மேலும் மூன்று டாலர் போய்விடும். வாசலில் மலிவாகக் காட்டி உள்ளே கறந்துகொள்ளும் இந்த ஏற்பாடு இன்றைக்கு நமக்குப் பழகிப்போனதுதான். எனவே இந்தப் பூங்காவைப் பற்றிய எந்த மதிப்பீடும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம் என்பதைச் சொன்னால்தான் பயன்படும்.

இதை நடத்தியவர்கள் இருவர். ஃபிரெடெரிக் தாம்சன் கட்டடக் கலையில் சிறிது பயிற்சி பெற்ற கற்பனைக்காரர்; எல்மர் டண்டி பணம் புரட்டுவதில் வல்லவர். 1901ஆம் ஆண்டு பஃபலோ நகரில் நடந்த பான் அமெரிக்கன் கண்காட்சியில் இவர்கள் நடத்திய ‘நிலவுப் பயணம்’ என்ற காட்சி பெரும் வெற்றி பெற்றது. அந்தக் கண்காட்சியே நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரத்தால் இரவில் ஒளிர்ந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், தாம்சன் பிற்பாடு செய்தவற்றுக்கெல்லாம் ஊற்று எங்கே என்பது விளங்கும். கோனி ஐலண்டில் ஸ்டீபிள்சேஸ் பார்க்கை நடத்திவந்த ஜார்ஜ் டில்யூ இவர்களை 1902இல் தம் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டார். அந்தக் கோடை மழையில் நனைந்தே கழிந்தது. பருவம் முடிந்ததும் இருவரும் அவரைவிட்டுப் பிரிந்து, அருகிலேயே பால் பாய்ட்டன் 1895 முதல் நடத்திவந்த, அதே மழையால் நொடித்துப்போயிருந்த சீ லயன் பார்க்கைக் குத்தகைக்கு எடுத்து, ஒரே குளிர்காலத்தில் அதை முற்றிலும் மாற்றிக் கட்டினார்கள்.

விளம்பரத்துக்கும் பொருளுக்கும் இடையே உள்ள தூரம் தொடக்கத்திலேயே தெரிகிறது. கட்டுமானத்தின்போது வைத்த பெரிய பலகையில், பத்து லட்சம் டாலர் கண்காட்சி என்றும், மே 2ஆம் தேதி திறப்பு என்றும் எழுதியிருந்தார்கள். திறந்ததோ இரண்டு வாரம் தாமதமாக. செலவானதாகப் பேசப்பட்ட தொகை ஏழு லட்சம். திறப்பு நாளன்று இருவர் கையிலும் சில டாலர்களுக்கு மேல் மிச்சமில்லை என்ற கதையும் உண்டு. அதைத் தாம்சனின் விளம்பர வேலையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் இருட்டிய பிறகு அந்த வாசலைத் திறந்துவிட்டபோது மக்கள் கண்டது, எந்த விளம்பரப் பலகையும் மிகைப்படுத்தியிருக்க முடியாத ஒன்று. பூங்கா தன் மின்விளக்குகளின் எண்ணிக்கை இரண்டரை லட்சம் என்று சொல்லிக்கொண்டது. எண்ணிக்கையில் ஏறக்குறைய இருக்கலாம். முக்கியமானது அவை பொருத்தப்பட்டிருந்த விதம். தெருவுக்கு வெளிச்சம் தருவதற்காக அவை வைக்கப்படவில்லை. ஒவ்வொரு கோபுரத்தின் விளிம்பிலும், ஒவ்வொரு வளைவின் ஓரத்திலும், குவிமாடங்களின் விலாக்கோடுகளிலும், பிறைநிலா வடிவங்களிலும் சின்னச் சின்ன மின்குமிழ்களை வரிசையாகப் பதித்திருந்ததால், பகலில் சுவராகத் தெரிந்த கட்டடம் இரவில் மறைந்துபோய், அதன் கோட்டுருவம் மட்டும் ஒளியாக நின்றது. நடுவிலிருந்த குளம் அந்தக் கோட்டுருவத்தை இன்னொரு முறை தலைகீழாக வரைந்து காட்டியது. அமெரிக்க வீடுகளில் பெரும்பாலானவை அப்போது எரிவாயு விளக்கிலும் மண்ணெண்ணெய் விளக்கிலும்தான் மாலையைக் கழித்துக்கொண்டிருந்தன. மன்ஹாட்டனின் நெரிசலான குடியிருப்பிலிருந்து நீராவிப் படகிலோ ரயிலிலோ வந்து இறங்கிய ஒரு தையல் தொழிலாளிக்கு, தன் வாழ்நாளில் பார்த்த மொத்த மின்விளக்குகளைவிட அதிகமானவை முதல் ஐந்து நிமிடத்தில் கண்ணில் பட்டிருக்கும். அந்த ஐந்து நிமிடத்துக்கு மட்டுமே பத்து சென்ட் தகும்.

கட்டடங்களைத் தனியே பாராட்டலாம். தாம்சன் ஒரே பாணியைப் பின்பற்றவில்லை. கீழைநாட்டுப் பள்ளிவாசல் கோபுரங்களும் வெனிஸ் நகரக் கால்வாய்களும் ஜப்பானியத் தோட்டமும் எந்தக் கூச்சமும் இல்லாமல் அடுத்தடுத்து நின்றன. படித்த கட்டடக் கலைஞர் ஒருவர் இதைப் பார்த்து முகம் சுளித்திருப்பார். எனக்கோ, நேர்க்கோட்டுத் தொழிற்சாலைகளிலும் சதுரச் சதுரமான அடுக்ககங்களிலும் வாரம் முழுவதும் அடைந்து கிடந்தவர்களுக்காகவே இந்த வளைவுகளை அவர் தேர்ந்தெடுத்தார் என்று தோன்றுகிறது. அந்த வகையில் இது அறியாமை அல்ல, கணக்கு. எல்லாமே மரச்சட்டத்தின்மேல் நாரும் சுண்ணச்சாந்தும் கலந்து பூசிய, சில ஆண்டுகளே தாங்கக்கூடிய வேலை. அதனால்தான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இடித்து மாற்றவும் முடிந்தது. அதன் ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நுழைவுச்சீட்டோடு இலவசமாகக் கிடைத்த இன்னொன்று, சக மனிதர்கள். பழைய கோனி ஐலண்ட் சூதாட்டத்துக்கும் சாராயக் கடைகளுக்கும் பெயர்பெற்ற இடம். குடும்பத்தோடு போகத் தயங்கியவர்கள் பலர். சுவர் எழுப்பி, வாசல் வைத்து, சீட்டு வாங்கியவரை மட்டும் உள்ளே விடும் முறையை அங்கே முதலில் கொண்டுவந்தவர் பாய்ட்டன்தான் என்றாலும், அதை ஒரு நகரத்தின் மாலைப்பொழுதாக மாற்றியது லூனா பார்க். வேலைக்குப் போகும் இளம்பெண்கள் துணையின்றித் தோழியரோடு வந்து, அறிமுகமில்லாத கூட்டத்தின் நடுவே பயமில்லாமல் நடந்தார்கள். வெறுமனே உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு யாரும் காசு கேட்கவில்லை.

இனி காசு கேட்டவற்றைப் பார்ப்போம். ‘நிலவுப் பயணம்’ பூங்காவின் பெருமைக்குரிய காட்சி. அதில் பறந்த கப்பலின் பெயரும் லூனாதான். இறக்கைகள் அசையும் அந்தக் கப்பலில் பயணிகள் உட்கார்ந்ததும், கப்பல் ஆடத் தொடங்கும். பக்கங்களில் வரைந்த திரைச்சீலைகள் உருண்டு, விளக்குகள் மாறி, பூமி கீழே விலகிப்போவதுபோன்ற மயக்கம் உண்டாகும். கப்பல் ஓர் அங்குலம்கூட முன்னே நகர்வதில்லை. நிலவில் இறங்கியதும் குகைகளுக்குள் நடக்கவிட்டார்கள். குள்ள உருவமுடைய நிலவு மனிதர்கள் வரவேற்றார்கள். பச்சைநிறப் பாலாடைக்கட்டித் துண்டுகளைக் கையில் கொடுத்தார்கள். நிலவு பாலாடைக்கட்டியால் ஆனது என்பது அவர்கள் ஊர்க் குழந்தைக் கதை. பயணப் பகுதி அற்புதம் என்றே சொல்லவேண்டும். நின்ற இடத்திலேயே பயண மயக்கம் தரும் இன்றைய சவாரிகள் அனைத்துக்கும் அதுவே பாட்டி. இறங்கிய பிறகு வரும் பகுதி பள்ளி ஆண்டுவிழா நாடகத்தின் தரத்தில் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஒருமுறை பார்க்கலாம், இரண்டாம் முறைக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

நீர்மூழ்கியில் ஏறிக் கடலுக்கடியில் சென்று, வடதுருவப் பனியுலகில் கரையேறும் காட்சியும் இதே உத்தியின் மறுபதிப்புதான். அதைக் கடந்துவிடலாம்.

கடற்போர்க் காட்சியை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஐரோப்பிய வல்லரசுகளின் கப்பற்படைகள் ஒன்றுசேர்ந்து நியூயார்க் துறைமுகத்தைத் தாக்க வருவதாகவும், 1898இல் மணிலா விரிகுடாவில் வென்ற தளபதி டூயி தம் கப்பல்களோடு வந்து அத்தனையையும் மூழ்கடிப்பதாகவும் சிறிய மாதிரிக் கப்பல்களை வைத்து அதில் காட்டினார்கள். இயந்திர வேலைப்பாடு நேர்த்தியானது என்பதில் ஐயமில்லை. ஆனால் முடிவு முன்பே தெரிந்த சண்டையில் விறுவிறுப்பு எங்கிருந்து வரும்? அங்கே கைதட்டியவர்களில் பெரும்பாலோர், மூழ்கடிக்கப்பட்ட அந்த நாடுகளிலிருந்தோ அவற்றின் அண்டை நாடுகளிலிருந்தோ சில ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கிய குடியேறிகளும் அவர்கள் பிள்ளைகளும் என்பதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

பாய்ட்டனிடமிருந்து மிச்சமாகக் கிடைத்த பழைய படகுச் சறுக்கில்தான் காசுக்கு மிகச்சரியான மதிப்பு கிடைத்தது. தட்டையான அடிப்பகுதி கொண்ட படகை உயரமான சரிவுப் பாதையின் உச்சியிலிருந்து விட்டுவிடுவார்கள். அது சரிந்து வந்து குளத்து நீரில் மோதி, தவளைபோலத் தத்தித் தத்திப் போய் நிற்கும். கதை இல்லை, திரைச்சீலை இல்லை, ஏமாற்றும் இல்லை. பயமும் சிரிப்பும் நனைந்த சட்டையும் மட்டுமே. ஏறாதவர்களுக்கும் அது ஒரு காட்சி. கரையில் நின்று, அலறிக்கொண்டே இறங்குபவர்களைப் பார்ப்பது இலவசம்.

இந்தப் பருவத்தின் மிக விசித்திரமான சீட்டு, குறைமாதக் குழந்தைகளைப் பார்ப்பதற்கானது. மார்ட்டின் கூனி என்பவர், உரிய காலத்துக்கு முன்பே பிறந்த கையளவுக் குழந்தைகளைக் கண்ணாடிக் கதவுள்ள இன்குபேட்டர்களில் வைத்து, பயிற்சி பெற்ற செவிலியரையும் பாலூட்டும் தாய்மாரையும் அமர்த்தி, வருவோரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்களைக் காட்டினார். யானையும் கோமாளியும் நிலவு மனிதர்களும் இருக்கும் இடத்தில் பச்சிளம் குழந்தையைக் காட்சிக்கு வைப்பது முதலில் வயிற்றைப் பிசைகிறது. வாசலில் ஒருவர் நின்று கூவிக் கூவி ஆள் சேர்த்தார் என்பதைக் கேட்டால் இன்னும் பிசைகிறது. ஆயினும் அமெரிக்காவின் மருத்துவமனைகளில் பெரும்பாலானவற்றில் அன்று இத்தகைய கருவியே கிடையாது. குறைமாதக் குழந்தை பிறந்தால், பிழைக்காது என்று கைவிட்டுவிடுவதே வழக்கமாக இருந்தது. கூனி பெற்றோரிடம் ஒரு காசுகூட வாங்கவில்லை. வெப்பம், தாய்ப்பால், தூய்மை, இரவு பகல் பாராத கவனிப்பு ஆகிய அத்தனைக்கும் ஆன செலவைப் பார்வையாளர்கள் தந்த சில்லறையே சுமந்தது. அவருக்கு முறையான மருத்துவப் பட்டம் இருந்ததா என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தும் சான்று கிடைக்கவில்லை. ஆனால் அவர் கோனி ஐலண்டில் நாற்பது ஆண்டுகள் இதை நடத்தி, ஆயிரக்கணக்கான குழந்தைகளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நியூயார்க் மருத்துவமனைகள் குறைமாதக் குழந்தைகளுக்கான பிரிவுகளைத் திறந்த பிறகு, 1943இல்தான் கடையை மூடினார். பொழுதுபோக்குக்காகக் கொடுத்த காசு ஓர் உயிரின் கணக்கில் வரவு வைக்கப்பட்ட இடம் அந்தப் பூங்காவில் இது ஒன்றே. தயங்காமல் வாங்கவேண்டிய சீட்டு இது. தயக்கத்தோடுதான் வாங்க முடியும் என்பதும் உண்மை.

இதே நிர்வாகம் இன்னோர் உயிரை எப்படி நடத்தியது என்பதையும் சொல்லாமல் விட்டால் மதிப்பீடு முழுமையாகாது. சீ லயன் பார்க்கோடு கைமாறி வந்த டாப்ஸி என்ற யானை, கட்டுமானத்தின்போது மரங்களை இழுத்தது. நிலவுக் கப்பலையே ஸ்டீபிள்சேஸிலிருந்து புதிய இடத்துக்கு நகர்த்தும் வேலையிலும் அதை ஈடுபடுத்தினார்கள். முந்தைய ஆண்டு சர்க்கஸில் இருந்தபோது தன்னைத் துன்புறுத்திய ஒரு பார்வையாளரைக் கொன்ற யானை அது. பாகனின் குடிவெறியால் நேர்ந்த தொல்லைகளும் சேர்ந்துகொள்ள, யானையைக் கொன்றுவிடுவது என்று முடிவுசெய்தவர்கள், அதையே சீட்டு விற்றுக் காட்டும் நிகழ்ச்சியாக்கப் பார்த்தார்கள். விலங்குவதைத் தடுப்புச் சங்கம் குறுக்கிட்டதால் சீட்டு விற்பனையும் தூக்கிலிடும் திட்டமும் கைவிடப்பட்டன. 1903 ஜனவரி 4ஆம் தேதி, கட்டி முடியாத அதே பூங்காவுக்குள், சயனைடு கலந்த கேரட்டைக் கொடுத்து, 6,600 வோல்ட் மின்சாரத்தைப் பாய்ச்சி, கழுத்தில் கயிற்றையும் இறுக்கி அதைக் கொன்றார்கள். எடிசனின் படநிறுவனம் அதைப் படம்பிடித்து விற்றது. எடிசனே முன்னின்று நடத்தினார் என்று இன்றும் பலர் எழுதுவது தவறு. அவர் அங்கே இல்லை. சில மாதங்கள் கழித்து மக்கள் வியந்து நின்ற அத்தனை விளக்குகளையும் எரித்தது அதே மின்சாரம் என்பதை நினைக்கையில், என் மதிப்பெண் தானாகவே இறங்குகிறது.

சேவையின் ஒழுங்கைப் பொறுத்தவரை, கூட்டத்தைக் கையாண்ட விதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. முதல் இரவில் அறுபதாயிரம் பேர் வந்ததாகவும், ஜூலை 4ஆம் தேதி சுதந்திர நாளன்று 1,42,332 பேர் வந்ததாகவும் சொல்லப்பட்டது. இருபதுக்குச் சற்று அதிகமான ஏக்கர் நிலத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இருந்திருக்க முடியாது. வந்து போனவர்களின் மொத்தம் அது. எப்படியானாலும், விடுமுறை நாளில் போனவர்கள் வரிசையில் நின்ற நேரத்தைக் கழித்துப் பார்த்தால், வார நாளின் மாலையில் போனவர்களே அதே காசுக்கு இரு மடங்கு பெற்றிருப்பார்கள். போய்வருவதும் எளிதல்ல, கோனி ஐலண்டுக்குச் சுரங்க ரயில் சேவை முழுமையாக வந்து சேர்ந்தது 1920இல்தான்.

நான் கடுமையாகக் குறைகூறும் இன்னொரு விஷயம், தீ. மரச்சட்டம், நார்கலந்த பூச்சு, வரைந்த திரைச்சீலை, அவற்றின்மேல் லட்சக்கணக்கான சூடான மின்குமிழ்கள், நடுவே விடுமுறை நாளின் பெருங்கூட்டம். அந்த முதல் பருவத்தில் பெருந்தீ எதுவும் நேரவில்லை என்பதை அதிர்ஷ்டம் என்றே சொல்லவேண்டும். 1907இல் ஸ்டீபிள்சேஸ் எரிந்து சாம்பலானது; டில்யூ மறுநாளே அந்த இடிபாடுகளைப் பார்க்கப் பத்து சென்ட் வசூலித்தார். வியாபார புத்திக்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டியதில்லை.

போட்ட பணத்தை ஒரே பருவத்தில் திரும்ப எடுத்துவிட்டதாகப் பேசப்பட்ட தாம்சனும் டண்டியும், 1904இல் நிலத்தை விரிவாக்கி, ‘டில்லி தர்பார்’ என்ற ஒன்றைக் கட்டினார்கள். ஏழாம் எட்வர்டு இந்தியாவின் பேரரசராக முடிசூடியதை ஒட்டி 1903 ஜனவரி 1ஆம் தேதி கர்ஸன் பிரபு டில்லியில் நடத்திய தர்பாரின் நகல் அது. யானைகளும் ஒட்டகங்களும் இந்தியர்களும் அட்டை அரண்மனைகளுக்கு முன்னால் ஊர்வலம் போனார்கள். லட்சக்கணக்கானோரைப் பலிகொண்ட 1899–1900 பஞ்சம் ஓய்ந்து மூன்றாண்டுகூட ஆகாத நாட்டில் நடத்திய அந்த அசல் தர்பாரே ஒரு காட்சிப்பொருள்தான். அதைக் கடலோரக் கேளிக்கைப் பூங்காவில் மறுபடி நடத்தியதில் புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை என்றுகூட வாதிடலாம். அந்த ஆண்டு யானைகளைப் படகுச் சறுக்கின் வழியே நீரில் சறுக்கிவிட்டுப் படமும் எடுத்தார்கள். அதை ரசிக்க என்னால் முடியவில்லை.

அதே 1904 மே மாதம் சாலையின் மறுபக்கத்தில் டிரீம்லேண்ட் திறந்தது. அரசியல்வாதியான வில்லியம் ரெனால்ட்ஸ், லூனாவில் வெற்றிபெற்றது எதுவோ அதைப் பெரிதாக்கினால் போதும் என்று கணக்குப் போட்டார்: பத்து லட்சம் விளக்குகள், செவில் நகரத்துக் கோபுரத்தை முன்மாதிரியாகக் கொண்ட 375 அடி உயரக் கோபுரம், முழுக்க முழுக்க வெள்ளை நிறம், வேதாகமப் படைப்புக் கதையும் நரகமும் காட்டும் அரங்குகள். எல்லாம் கம்பீரமாக இருந்தது. விளையாட்டு மட்டும் குறைந்தது. இரண்டையும் படங்களில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, டிரீம்லேண்டில் மக்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து நிற்கிறார்கள், லூனாவில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1911 மே மாதம், பருவம் தொடங்கவிருந்த நாளின் அதிகாலையில், நரக அரங்கில் தார் பூசிப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது பற்றிய தீயில் டிரீம்லேண்ட் முழுவதும் எரிந்தது. அங்கேயும் இருந்த இன்குபேட்டர் குழந்தைகளைப் பத்திரமாக வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். அது மீண்டும் கட்டப்படவில்லை. லூனாவோ, டண்டி 1907இல் இறந்து, தாம்சன் 1912இல் திவாலாகி, உரிமையாளர்கள் மாறிய பிறகும், 1944 ஆகஸ்டில் தீப்பிடிக்கும்வரை ஒவ்வொரு கோடையிலும் விளக்கேற்றிச் சீட்டு விற்றது.